கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை, நமக்குமா இல்லை?



"காட்டுக்குப் போனால் கவனமாகப் போகவேண்டும்." விறகுக்குப் போனவர் காலை இழந்து திரும்பினாலும் சரி, மாடு தேடிப் போனவரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தாலும் சரி, மேலிடத்திலிருந்து நமக்குக் கிடைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். ஐந்து சதம் செலவில்லாத உதவி இது. சொன்னவரின் கடமை அதோடு முடிந்துவிடுகிறது. மிச்சப் பொறுப்பு முழுவதும் அடிபட்டவரின் தலையில் விழுகிறது: அவர் கவனமாக இருக்கவில்லை, அதனால் அடிபட்டார்.

இந்தப் பேச்சை மறுத்து எழுதவே இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினோம்.

நாங்கள் முள்ளியவளையில் இருப்பவர்கள். 1958 இலும் 1977 இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகும், எழுபதுகளின் பஞ்சத்திலும் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இன்று எங்களுக்குப் பெரட்டும் இல்லை, கொழுந்துக் கூடையும் இல்லை. தென்னந்தோட்டத்திலும் வயலிலும் நாட்கூலிக்குப் போகிறோம். ஆனாலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் பதுளையிலும் எங்கள் சின்னம்மாவும் மாமன் பிள்ளைகளும் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். இந்த இதழ் எங்கள் கைக்கும் வருகிறது, அவர்கள் கைக்கும் போகிறது. அங்கே சுருக்குக் கம்பி, இங்கே கட்டுத்துவக்கு. இரண்டும் ஒரே வியாதி. அதனால்தான் இதைச் சங்கத்தின் இதழில் எழுதுகிறோம்.

வேட்டைக்காலம் என்று ஒன்று உண்டா?

கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகள் சொல்வார்கள்: அங்கே வேட்டைக்கு என்று ஒரு காலம் இருக்கிறது. எந்த மிருகத்தை எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை சுடலாம் என்று அரசாங்கம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த நாட்களில் மான் வேட்டைக்குத் துவக்கோடு போகிறவர் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போடவேண்டும். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். காட்டில் உலாவப் போகிறவருக்கும் அதையே அணியச் சொல்கிறார்கள், நாயின் கழுத்திலும் கட்டச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. அது பலிப்பதற்கு ஒரே காரணம், துவக்கின் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்குக் கண் இருக்கிறது. நிறத்தைக் கண்டதும் விரலை எடுப்பான்.

நம்முடைய காட்டில் துவக்கின் பின்னால் யாரும் இல்லை.

கட்டுத்துவக்கைப் பார்த்திராத மலையகத் தோழர்களுக்காகச் சொல்கிறோம். ஓர் இரும்புக் குழாய். அதற்குள் வெடிமருந்தும் ஈயக் குண்டும், ஈயம் கிடைக்காவிட்டால் இரும்புத் துண்டும். குழாயை இரண்டு கவட்டுக் கம்புகளில் பன்றியின் உயரத்துக்குக் கட்டி வைப்பார்கள். அதன் விசையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே போகும். மாலையில் கட்டிவிட்டு, கட்டியவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு இருக்கும் உயரத்தில் மனிதனுக்கு முழங்கால் இருக்கிறது. அதனால்தான் இந்தக் காயங்கள் பெரும்பாலும் காலில். எலும்பு நொறுங்கி, துணியும் மண்ணும் உள்ளே போய், புண் அழுகி, கடைசியில் காலையே எடுக்கும்படி ஆகிறது. வெடித்த இடத்துக்கும் வீதிக்கும் இடையில் மைல்கணக்கில் காடு இருந்தால் இரத்தம் போயே ஆள் முடிந்துவிடுவார்.

செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு போனால் கம்பிக்குத் தெரியுமா? பாட்டுப் பாடிக்கொண்டு போனால் குழாய்க்குக் கேட்குமா?

காலம் என்பதும் இங்கே கிடையாது. காலபோக நெல் கதிர் விடும்போது பன்றி வயலுக்கு இறங்குகிறது. அப்போது வயலோரம் கட்டுவார்கள். ஆடி, ஆவணியில் காட்டுக்குள் தண்ணீர் வற்றும்போது மிருகங்கள் குளத்தை நாடி வரும். அப்போது குளத்துக்குப் போகும் தடத்தில் கட்டுவார்கள். பாலைப்பழம் பொறுக்கவும் தேன் எடுக்கவும் சனம் காட்டுக்குப் போகும் வறட்சி மாதங்களும் அவைதான். எல்லா மாதமும் வேட்டைக்காலம். அறிவித்தல் மட்டும் எந்த மாதத்திலும் இல்லை.

கட்டுத்துவக்கு மட்டுமா? பன்றிவெடி இருக்கிறது, தெற்கில் ஹக்கபட்டாஸ் என்பார்கள். வெடிமருந்தைக் கல்லோடு சேர்த்து இறுக்கி, கருவாட்டிலோ பழத்திலோ பூசணித் துண்டிலோ பொதிந்து போட்டுவிடுவார்கள். கடித்ததும் வெடிக்கும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று தின்கிறது. வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. அதை மாடு தின்னும், நாய் கவ்வும், விளையாடப் போன குழந்தை கையில் எடுக்கும். இன்னொன்று, வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சி வயலைச் சுற்றிக் கட்டுவது. அதில் பன்றி சாகிறது, விடிகாலையில் தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயற்காரனும் சாகிறான், சில வேளை கட்டியவனே சாகிறான்.

ஒரு நாள் நடந்தது

சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை விறகுக்குப் போனார். வழக்கமான பாதை, வழக்கமான இடம். பத்து மணியளவில் வெடிச் சத்தம் கேட்டது. யாரோ பன்றி விழுத்திவிட்டான் என்றுதான் ஒழுங்கையில் பேசிக்கொண்டோம். அவரோடு போன பையன் ஓடி வந்து சொன்ன பிறகுதான் தெரியும். உரச்சாக்கை இரண்டு கம்பில் கோர்த்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். கால் போய்விட்டது. உயிர் தப்பியது.

முறைப்பாடு எழுதியவர் கேட்ட முதல் கேள்வி, "காட்டுக்கு ஏன் போனீர்?" என்பது. துவக்கை யார் கட்டியது என்பது கடைசிக் கேள்வி. கடைசிக் கேள்விக்கு அவர் "தெரியாது" என்றார்.

அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். கட்டியவன் எங்களுக்கு அறிந்த வீட்டுக்காரன். பொங்கல் முடிந்த கிழமையில் அந்த வீட்டிலிருந்து வந்த பன்றி இறைச்சியை நாங்களும் வாங்கித்தான் சாப்பிட்டோம். ஆகவே அன்று யாரும் வாய் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அதிகாரியை மட்டும் ஏசினால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை.

"ஏன் போனீர்?" என்றால்

முதலில் அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

2022 இல் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றின் விலை 4,800 ரூபாவைத் தாண்டியது. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. அதுவும் 2021 இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் வேலை. கியூவில் நின்ற நாள் கணக்கில் இல்லை. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. எந்த வீட்டில் அடுப்பு விறகை விட்டு மாறியது? கவ்வாத்துக் குச்சியும் பட்ட மரமும் தோட்டத்தில் கிடைக்கிற வரைக்கும் அங்கே எரிகிறது. கிடைக்காதபோது காட்டோரம் போகவேண்டும். இங்கே எங்களுக்குக் காடுதான் விறகுக் கடை. விறகு மட்டுமல்ல. நாட்கூலி இல்லாத மாதத்தில் பாலைப்பழமும் தேனும் மழைக்குப் பிந்திய காளானும் நாலு காசு தருகிறது. பட்டியை விட்டுப்போன மாட்டைத் தேடவும் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

பொழுதுபோக்குக்குக் காட்டுக்குப் போகிறவனுக்குத்தான் "இந்த மாதம் போகாதே" என்று சொல்லலாம். அடுப்புக்காகப் போகிறவளுக்கு அதைச் சொல்கிறவர், முதலில் அவளுடைய அடுப்புக்கு வழி சொல்லட்டும்.

இதற்குள் சட்டத்தின் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு தருகிறது. கொழுந்து மலையில் சுருக்கில் கால் மாட்டினால் வழக்காடலாம். ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போய்க் காலை இழந்தால்? அது வேலை இல்லை என்பார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்கு வரச் சோறு பொங்க வேண்டுமே, அந்தச் சோற்றுக்கு விறகு வேண்டுமே என்றால், அதற்குச் சட்டத்தில் பத்தி இல்லை.

சிறுத்தைக்கு அழுதார்கள், நல்லது

2020 மே 26 ஆம் திகதி, நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றிக்கு வைத்த கம்பி அதன் கழுத்தில் இறுகியிருந்தது. மிருக வைத்தியர்கள் வந்து மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29 ஆம் திகதி செத்துவிட்டது. அரிதான மிருகம். நாடே துக்கப்பட்டது. நாங்களும் துக்கப்பட்டோம்.

அதே கிழமையில், மே 27 ஆம் திகதி, கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் வயிற்றில் கன்றோடு இருந்த ஒரு பெண் யானை, வாய் சிதறிய நிலையில் ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்காக வெடிமருந்து வைத்த காயைத் தின்றதுதான் காரணம். உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அந்த வழக்கில் முதலில் பிடிபட்டவர் றப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளி. தோட்டத்துக்கு உரியவர்களோ அப்போது தேடப்படுகிறவர்களின் பட்டியலில் இருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் கதை ஒன்றுதான். மிருகம் சாகும்போது செய்தி வருகிறது. செய்தி வந்ததும் தேடல் நடக்கிறது. தேடல் லயத்துக் கதவில் வந்து நிற்கிறது. கம்பியை வைத்தவர் தொழிலாளியாக இருந்தால் அவர் தண்டனைக்குத் தப்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பது வேறு. தேயிலை மலைகளைக் கவனிக்காமல் விட்டு, அவை மானாப்புல்லும் பற்றையுமாகக் காடேறி, பன்றியும் சிறுத்தையும் லயத்துக் கொல்லை வரைக்கும் வர வழி செய்த நிர்வாகத்தின் பெயர் எந்த முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டது? லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கோவாவும் லீக்ஸும் போட்டுத்தான் சம்பளத்தின் ஓட்டையை அடைக்கிறோம். அதைப் பன்றி ஒரே இரவில் கிண்டிவிட்டுப் போனால் நட்டம் யாருக்கு?

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் காணியில் நின்று குரங்கையும் மந்தியையும் மர அணிலையும் மயிலையும் எண்ணினோம். அரசாங்கம் கேட்டது, எண்ணிக் கொடுத்தோம். கட்டுத்துவக்கிலும் பன்றிவெடியிலும் மின்கம்பியிலும் அடிபட்ட தொழிலாளரை அப்படி ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக எண்ணச் சொல்லி நமது சங்கம் கேட்டிருக்கிறதா? கேட்கவில்லை. கருஞ்சிறுத்தைக்கு அழுதவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. நம்முடைய காலுக்கு நாமே அழவில்லையே என்பதுதான் நமது குறை.

சொல்லப்படும் சமாதானங்கள்

"பன்றி பயிரை அழிக்கிறது. வேறு என்ன செய்ய?" இது கமக்காரரின் நியாயம், உண்மையான நியாயம். ஒரு போகம் போனால் கடன் கழுத்தை நெரிக்கும். ஆனால் வயலைக் காக்கும் வழி, வயலுக்கு வெளியே பொதுப் பாதையில் ஆளில்லாத துவக்கைக் கட்டுவதா? காவற்கொட்டில் போட்டு முறை வைத்துக் கூட்டமாகக் காவல் இருந்த ஊர்கள்தான் நம்முடையவை. உறுதியான வேலிக்கு உதவியும், அழிந்த பயிருக்கு நட்டஈடும் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை. அதைக் கேட்கிற போராட்டத்தில் கமக்காரரோடு நாமும் நிற்போம். அவர் தன் சண்டையை எங்கள் காலில் வைத்து நடத்துவதைத்தான் ஏற்க மாட்டோம்.

"சட்டம் இருக்கிறதே." இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டத்தின்படி குற்றம். வெடிபொருளுக்கு 1956 ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. காட்டு மிருகங்களுக்கு 1937 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். வனத்துக்கு 1907 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. காடு ஒரு திணைக்களத்துக்கு, மிருகம் இன்னொரு திணைக்களத்துக்கு, துவக்கும் வெடியும் பொலிசாருக்கு, மின்சாரம் மின்சார நிறுவனத்துக்கு, அடிபட்டவர் வைத்தியசாலைக்கு. ஐந்து கதவு. நொண்டிக்கொண்டு போகிறவர் எந்தக் கதவைத் தட்டுவது?

"ஆட்கள் தகவல் சொன்னால்தானே நாங்கள் பிடிக்கலாம்." இதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் காலையில் தகவல் சொன்னவரின் பெயர் மாலைக்குள் கள்ளுக் கொட்டிலில் அடிபடுமானால் யார் சொல்வார்? தனி ஆளைச் சொல்லச் சொல்வது அவரைப் பலி கொடுப்பது. சங்கமாக, கிராம அபிவிருத்திச் சங்கமாக, மாதர் சங்கமாகக் கடிதம் கொடுத்தால் அதில் ஒருவர் பெயர் இல்லை. ஊரின் பெயர் இருக்கும்.

"யுத்தத்தையே பார்த்த சனம், இது என்ன பெரிசு?" இதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யுத்தத்தைப் பார்த்த சனம் என்பதால்தான் சொல்கிறோம். வன்னிக் காட்டில் மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் வருடக்கணக்காக முழங்காலில் நின்று ஒவ்வொரு அடி மண்ணாகத் தடவுகிறார்கள். அவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூன் 1 ஆம் திகதிக்குள் துப்புரவாக்கி முடிக்கவேண்டும் என்பது கெடு. ஒரு கையால் உலகத்தின் காசில் மிதிவெடியைக் கிண்டி எடுக்கிறோம். மறு கையால் அதே காட்டில் மிதித்தால் வெடிக்கும் குழாயைக் கட்டுகிறோம். மிதித்தவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மிதிவெடியை உலகம் தடை செய்ததற்குச் சொன்ன நியாயம், அது படைவீரனையும் பிள்ளையையும் பிரித்தறியாது என்பது. கட்டுத்துவக்கு மட்டும் பன்றியையும் பிள்ளையையும் பிரித்தறியுமா?

கவனமும் வேண்டும்

கவனம் போதாது என்றோம். தேவையில்லை என்று சொல்லவில்லை. துவக்குகள் காட்டை விட்டுப் போகிற நாள் வரைக்கும் நமது காலை நாமே பார்க்கவேண்டும். காட்டோரம் பழகியவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறோம். லயத்தில், கோயிலில், பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

தனியே போகாதீர்கள். இரண்டு பேராவது போங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். கட்டுத்துவக்கை மாலையில் கட்டி விடியற்காலையில் அவிழ்ப்பதுதான் வழக்கம். ஆகவே இருட்டோடு போகாதீர்கள், இருட்டு முன் வந்துவிடுங்கள். ஆனால் அவிழ்க்க மறந்த துவக்கு பட்டப்பகலிலும் வெடிக்கும்.

பழகிய அகன்ற பாதையை விட்டு மிருகத் தடத்தில் இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் கிளையை ஒடித்து வேலி போல அடைத்து நடுவில் ஒரு கண்டாயம் மட்டும் விட்டிருந்தால், அது மிருகத்தை வழிக்குக் கொண்டுவர மனிதன் செய்த வேலை. அங்கேயே நில்லுங்கள். கம்பியைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், தடியால் தட்டிப் பார்க்காதீர்கள். வந்த காலடியிலேயே திரும்புங்கள். சுருக்குகள் பெரும்பாலும் சைக்கிள் பிரேக் கம்பியிலும் மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியிலும் செய்யப்படுகின்றன. தேயிலைச் செடிகளுக்கு நடுவில், மலையின் எல்லையில், மானாப்புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் வளையமாக ஏதும் தெரிந்தால் கங்காணியைக் கூப்பிட்டு, அந்த நிரையில் வேலையை நிறுத்துங்கள். சுருக்கில் மாட்டி உயிரோடு இருக்கும் மிருகத்தின் கிட்டப் போகாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

காட்டில் கிடக்கும் பழத்தையோ கருவாட்டுப் பொட்டலத்தையோ பூசணித் துண்டையோ எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் விறகு எவ்வளவு கிடந்தாலும் போகாதீர்கள். பழைய வெடிபொருளைக் கண்டால் அந்த இடத்தை நினைவில் வைத்து 119 க்குச் சொல்லுங்கள். இரும்புக்கு விற்கலாம், உள்ளே இருக்கும் மருந்தை எடுக்கலாம் என்று கை வைத்தவர்களின் வீடுகளை நமக்குத் தெரியும்.

யாராவது அடிபட்டால் முதலில் சுற்றிப் பாருங்கள். ஒரு துவக்கு கட்டிய இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். சாம்பல், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் போடாதீர்கள். காலை அசையாமல் கட்டி, படுக்கவைத்துத் தூக்குங்கள். 1990 அம்பியூலன்ஸ் இலவசம். வடக்கிலும் 2018 முதல் ஓடுகிறது. எந்த வீதிச் சந்திக்கு வரவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது

ஒன்று: அடிபட்டவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், ஒவ்வொரு வன்னிக் கிளையும், யார், எந்த இடம், எதனால், வேலைக்குப் போனபோதா விறகுக்குப் போனபோதா என்று எழுதித் தரட்டும். கணக்கு இல்லாத கோரிக்கையை எந்த அமைச்சரும் வாசிக்க மாட்டார்.

இரண்டு: கம்பெனிகளோடு பேசும்போது சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்கவேண்டும். மலைகளின் எல்லையைத் துப்புரவாக வைப்பதும், பெரட்டுக்கு முன் அந்த எல்லையில் சுருக்கு இருக்கிறதா என்று ஆள் விட்டுப் பார்ப்பதும் நிர்வாகத்தின் செலவில் நடக்கவேண்டும். சுருக்கைக் கண்டு வேலையை நிறுத்திய நிரைக்கு அரைப்பேர் போடக்கூடாது.

மூன்று: தோட்டத்துக்குள்ளேயே விறகு தரவேண்டும். பட்ட மரமும் கவ்வாத்துக் குச்சியும் முதலில் தொழிலாளிக்கு. லொறிக்காரனுக்கு அதன் பிறகு.

நான்கு: அந்த ஐந்து கதவையும் ஒரே கதவாக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் மாதம் ஒரு தடவையாவது திணைக்களங்களும் பொலிசாரும் கமக்காரரும் தொழிலாளரும் ஒன்றாக இருந்து, எங்கே கம்பி கண்டோம், எங்கே வெடி கேட்டோம் என்று பேசி, அந்த இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். முறைப்பாட்டில் முதல் கேள்வி "யார் கட்டியது?" என்பதாக இருக்கட்டும்.

ஐந்து: காட்டில் காலிழந்தவருக்கும், ஆளை இழந்த குடும்பத்துக்கும் நட்டஈடு வேண்டும். யானை அடித்தால் நட்டஈட்டுக்கு ஒரு படிவமாவது இருக்கிறது. குழாய் அடித்தால் அதுவும் இல்லை.

ஆறாவது கோரிக்கை நம்மிடமே. அதற்கு அமைச்சரும் வேண்டாம், துரையும் வேண்டாம். யார் கட்டினார் என்று தெரியாத இறைச்சியை வாங்காதிருப்போம். ஆளில்லாமல் கட்டிய துவக்கில் விழுந்த பன்றி நம் சட்டிக்கு வரக்கூடாது. வாங்க ஆள் இல்லாவிட்டால் கட்டவும் ஆள் குறையும். கட்டுகிறவன் நமது மைத்துனனாக இருந்தாலும், நமது சங்கச் சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவனாக இருந்தாலும், முதலில் வீட்டுக்குப் போய்ச் சொல்வோம்: தம்பி, அவிழ்த்துவிடு. கேட்காவிட்டால் சங்கமாகச் சொல்வோம். அதற்கும் கேட்காவிட்டால் ஊராகக் கடிதம் கொடுப்போம்.

காலை இழந்த அந்த மனிதர் இன்று வீட்டு வாசலில் இருந்து கிடுகு பின்னுகிறார். அவருடைய மகள்தான் இப்போது விறகுக்குப் போகிறாள். அதே பாதை, அதே காடு. அவள் போகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில் எல்லோரும் ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருக்கிறார்கள். அன்று "தெரியாது" என்று சொன்ன நாங்கள் அடுத்த தடவை அப்படிச் சொல்ல மாட்டோம். நீங்களும் சொல்லாதீர்கள்.